கறிவேப்பிலை உதிர்ந்தது ஏன்?

'எக்ஸ்பான்ஸ்' என்ற விண்வெளித் தொடரைப் பார்த்தவர்கள் ஷெட் கார்வியை மறந்திருக்க மாட்டார்கள். கப்பலில் மருத்துவ உதவியாளன், கொஞ்சம் பயந்த சுபாவம். கதை சூடுபிடிக்கிறது, இவனும் கடைசிவரை வருவான் என்று நாம் நம்பத் தொடங்கும் நேரத்தில் சுவரைத் துளைத்து வந்த குண்டு அவன் தலையைக் கொண்டுபோய்விடுகிறது. வீர வசனம் இல்லை, பிரியாவிடை இல்லை. விண்வெளிப் போரின் குரூரத்தை இதைவிட நன்றாகக் காட்ட முடியாது என்று வியந்துகொள்வோம். உண்மைக் காரணம் வேறு. நாவலாவதற்கு முன் அது பலர் கூடி எழுதிய விளையாட்டு. ஷெட்டை எழுதியவர் நடுவில் விலகிவிட்டார். எழுத ஆளில்லாத பாத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இந்த விளையாட்டில் ஒருவர் உலகத்தை அமைப்பார். அவர் ஜி.எம்., அதாவது கேம் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். மேசையைச் சுற்றியிருந்து பகடை உருட்டும் வடிவம் 1974இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மூலம் பரவியது. 1977இல் வந்த 'டிராவலர்' அதை விண்வெளிக்குக் கொண்டுபோனது. (டிராவலரில் பாத்திரத்தின் முன்கதையைப் பகடை போட்டு உருவாக்கும்போதே ஆள் செத்துப்போகலாம். விளையாட்டே தொடங்கவில்லை, அதற்குள் செத்தவீடு. எனக்கு மிகப் பிடித்த விதி.) எழுதி ஆடும் வடிவத்துக்கு மேசை வேண்டாம். உங்கள் முறை வரும்போது உங்கள் பாத்திரம் செய்வதை, சொல்வதை, நினைப்பதை இரண்டு மூன்று பத்தியில் எழுதி எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். அடுத்தவர் அங்கிருந்து பிடித்துக்கொள்வார்.

டை ஃபிராங்க் என்பவர் கணினி விளையாட்டுக்காக யோசித்த உலகத்தை இப்படித்தான் முதலில் நண்பர்களோடு எழுதி ஆடினார். பிறகு அது மேசைக்கு வந்தது. அந்த மேசையில் வந்தமர்ந்த எழுத்தாளர் டேனியல் ஆபிரகாம், உலகம் தயாராக இருக்கிறதே, நாவலாக எழுதினால் என்ன என்று கேட்டார். 2011இல் முதல் நாவல், 2021இல் ஒன்பதாவது. அட்டையில் இருக்கும் ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்ற பெயருக்குள் இருப்பது இந்த இருவரும்தான். முதல் நாவலில் ஹோல்டன் என்ற பாத்திரத்தின் அத்தியாயங்களை ஒருவரும் மில்லர் என்ற பாத்திரத்தின் அத்தியாயங்களை மற்றவரும் எழுதி, மாற்றித் திருத்திக்கொண்டார்கள். முறை வைத்து எழுதும் பழக்கம் விடவில்லை. தொலைக்காட்சித் தொடரைப் படம்பிடித்தது எங்கள் ரொறன்ரோவில்.

நான் அங்கே வெக்ஸ்போர்ட்வாசி. லோறன்ஸ் அவெனியூ கிழக்கில் 54ஆம் நம்பர் பஸ்ஸில் போனால், ஐம்பதுகளில் கட்டிய தாழ்ந்த கடைத்தொகுதிகள், அவற்றின் மேல் அரபு எழுத்து, தமிழ் எழுத்து, பிலிப்பைன்ஸ் பலகாரக் கடை, சிரியாக்காரரின் வெதுப்பகம் என்று வரிசையாக வரும். கிழக்கு முனையில், 1985இல் எதிர்காலம் என்று சொல்லித் திறந்த ஆர்.ரி. ரயில் ஓடியது. 2023 ஜூலையில் ஒரு பெட்டி தடம் புரண்டபின் அது நின்றேபோனது. கைவிட்ட எதிர்காலத்தின் தடமும், ஒருவர் சமையல் மற்றவர் மூக்குக்கு எட்டும் அடுக்குமாடி வீடுகளும் இருக்கும் இடத்தில் விண்கலக் கதை எழுதுவதற்குக் கற்பனை அதிகம் தேவைப்படாது.

நாங்களும் சிலர் கூடி மின்னஞ்சலில் இப்படி எழுதி ஆடுகிறோம். எங்கள் கப்பலின் பெயர் அன்னபூரணி. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய நிஜ அன்னபூரணியை ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, தன் மனைவியின் பெயரைச் சூட்ட, வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை ஓட்டிப்போய் 1938இல் மசாசுசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரரில் சேர்த்தார்கள். பாய்மரத்தில் அத்திலாந்திக்கைக் கடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வியாழனின் நிலவுகளுக்கிடையே சரக்கேற்றினால் என்ன என்பதுதான் எங்கள் ஜி.எம்.மின் தொடக்கப் புள்ளி. கப்பல் தலைவரைக் கப்டன் என்று எவரும் எழுதுவதில்லை. தண்டையல்தான்.

வாசகனுக்குக் கதை சுவைத்தால் போதும். இந்தக் கலையின் ரசிகன் வேறொன்றைச் சுவைக்கிறான்: ஒருவர் எழுதி நிறுத்தும் இடத்தை. நல்ல வாக்கியம் எழுதத் தெரிந்த பலர் இங்கே தோற்றுப்போவதைப் பார்த்திருக்கிறேன். கதவைத் திறந்து, உள்ளே இருப்பவனைச் சுட்டு, துப்பாக்கியைத் துடைத்து உறையில் போட்டு, ஒரு பகிடியும் விட்டு முடித்தால் அடுத்தவருக்கு என்ன மிச்சம்? கைதட்ட வேண்டியதுதான். கைதேர்ந்தவர் கதவில் கைவைத்ததோடு நிறுத்துவார். அதற்கும் ஒரு நுட்பம் உண்டு. வெறுமனே நிறுத்தினால் அது சோம்பல். கதவு சூடாக இருந்தது என்று எழுதி நிறுத்தினால் அடுத்தவருக்கு நாலு வழி திறக்கிறது.

நமக்கு இது புதிதும் அல்ல. இரட்டைப் புலவர்களில் ஒருவருக்குக் கண் இல்லை, மற்றவருக்குக் கால் இல்லை. ஒருவர் வெண்பாவின் முற்பாதியைப் பாட மற்றவர் முடிப்பார் என்பது வழிவழியாக வரும் செய்தி. மதுரைக் குளத்தில் கண்ணில்லாதவர் துவைத்த கந்தை தண்ணீரோடு போய்விடுகிறது. படியில் இருந்தவர், அடித்து அடித்துத் துவைத்தாயே, அது பழிவாங்காதா என்று சீண்டி நிறுத்துகிறார். கோபமாகவும் முடிக்கலாம், அழுதும் முடிக்கலாம். இவரோ போனால் போகட்டும், சொக்கலிங்கம் இருக்கிறார் துணை என்று பக்தியில் கொண்டுபோய் முடிக்கிறார். முடித்தவரைத்தான் எல்லோரும் மெச்சுவார்கள். அந்தத் திருப்பத்துக்கு இடம்விட்டுச் சீண்டியவருக்கு என் ஓட்டு.

யப்பானியர் ரெங்கா என்ற தொடர்கவிதையில் இதைச் சட்டமாகவே வைத்தார்கள். 1488இல் சோகி என்ற கவிஞரும் அவருடைய இரு சீடர்களும் மினாசேயில் இருந்து நூறு கண்ணி தொடுத்தார்கள். ஒவ்வொரு கண்ணியும் முந்தியதோடு ஒட்ட வேண்டும், அதற்கும் முந்தியதைவிட்டு விலக வேண்டும். எங்கள் குழுவில் ஒரே விண்வெளிச் சண்டையை மாதக்கணக்கில் இழுத்தபோது இந்த விதியை யாராவது சொல்லித் தந்திருக்கலாம்.

மீற முடியாத விதி ஒன்று: மற்றவருடைய பாத்திரத்தின் கையை நான் அசைக்கக் கூடாது. 'தண்டையல் தலையசைத்தார்' என்று நான் எழுதினால் அது திருட்டு. 'தண்டையலைப் பார்த்தேன்' என்பதோடு என் எல்லை முடிந்தது. எழுத்தாளனுக்கு இது பெரிய தண்டனை. தனியாக எழுதும்போது எல்லாரும் நாம் சொன்னபடி ஆடுகிறார்கள். இங்கே நீங்கள் காதலைச் சொல்லிவிட்டு நாலு நாள் காத்திருக்க வேண்டும். பதில் வரும்போது அது நீங்கள் கற்பனை செய்தே பார்க்காத பதிலாக இருக்கும்.

நான் இன்றைக்கும் எடுத்து வாசிக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. சமையற்காரியை எழுதுபவர், கப்பலின் அடுக்களையில் கறிவேப்பிலைச் செடி ஒன்றை வைத்தார். சும்மா அலங்காரத்துக்கு. சில முறைகள் கழித்து, வேறெதையோ எழுதும்போது, இலைகள் உதிர்ந்திருந்தன என்று ஒரு வரி போட்டார். எவரும் கவனிக்கவில்லை. பிறகு பொறியியலாளர் முறை வந்தது. அவரது பாத்திரம் கோப்பிக்கு வந்து, கீழே கிடந்த இலைகளைப் பொறுக்கிப் பார்க்கிறது. பச்சை மாறாத இலைகள். தண்ணீர்க் குறை என்றால் முதலில் வாடியிருக்கும். அவருக்கு அப்பாச்சி ஞாபகம் வருகிறது: குழி வெட்டி, வாழைக்குலையை இறக்கி, மூடி, ஓட்டை வழியாகப் புகை ஊதியது. புகையில் இருக்கும் எத்திலீன்தான் காயைப் பழுக்க வைப்பது. அதே வாயுவைச் செடிகளும் மெல்ல வெளிவிடுகின்றன. வயலில் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். மூடிய கப்பலில் தேங்கும். தேங்கினால் இலை உதிரும். விண்கலத்தில் செடி வளர்க்க முயன்றவர்களுக்கு இது உண்மையான தலையிடி. டைட்டானியம் டையொக்சைட்டும் புறஊதா ஒளியும் கொண்டு எத்திலீனை அழிக்கும் வடிகட்டியை 1990களில் அமெரிக்காவில் செய்தார்கள். அப்படியானால் அன்னபூரணியின் வடிகட்டிக்கு என்ன நடந்தது? பொறியியலாளர் அதை எழுதவில்லை. இலையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வடிகட்டியைக் கடைசியாகப் பழுதுபார்த்தது யார் என்று கேட்டதோடு நிறுத்தினார்.

பழுதுபார்த்தது நான் எழுதும் பாத்திரம்.

அந்த மின்னஞ்சலைப் பஸ்ஸில் வாசித்தவன் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். கோயில் வீதியில் இரண்டு தவில்காரர் எதிரெதிரே நின்று, ஒருவர் போட்ட கணக்கை மற்றவர் வாங்கித் தீர்மானத்தைத் திருப்பிப் போடுவார். அப்போது கூட்டத்தில் ஒரு 'ஆ' எழும். எனக்கு எழுந்தது அதுதான். விஞ்ஞானம் சரியாக இருந்தது, அப்பாச்சி உண்மையாக இருந்தார், பழி என் தலையில் இருந்தது. மூன்றையும் ஒரு கேள்வியில் வைக்க அவரால் முடிந்தது, ஏனென்றால் பொருளை வைத்தவர் இன்னொருவர்.

மொழியிலும் இந்தக் கூட்டு தன் வேலையைக் காட்டும். எக்ஸ்பான்ஸில் விண்கற்பட்டைவாசிகளுக்கு நிக் ஃபார்மர் என்ற மொழியியலாளர் தனிக் கலப்புமொழி ஒன்றைக் கட்டிக் கொடுத்தார். செவ்வாயின் பள்ளத்தாக்கு ஒன்றில் இந்தியரும் சீனரும் டெக்சாஸ்காரரும் குடியேறியதால், அங்கிருந்து வந்த பாத்திரமான அலெக்ஸ் கமால் டெக்சாஸ் இழுவையில் பேசுவான். எங்களுக்கு மொழியியலாளர் தேவைப்படவில்லை. சென்னைக்காரர் எழுதும் விமானி 'பேசிக்கிட்டு' இருப்பாள், யாழ்ப்பாணத்தார் எழுதும் தண்டையல் 'கதைச்சுக்கொண்டு' இருப்பார், ஸ்காபரோவில் பிறந்த பெடியன் எழுதும் தொழில்நுட்பன் இரண்டையும் அரைகுறையாக அள்ளி ஆங்கிலத்தில் தோய்த்துக் கொடுப்பான். ஒரே ஆசிரியர் இந்த மூன்றையும் எழுதினால் ஏதோவொன்று நடிப்பாகவே இருக்கும்.

ரொறன்ரோவுக்குக் கூடி எழுதுவதில் ஒரு மூத்தாள் உண்டு. 1968இல் இங்கே வந்த ஜூடித் மெரில், இரண்டு வருடத்தில் தன் அறிபுனை நூல்களை நகர நூலகத்துக்கே கொடுத்துவிட்டார். அவர் பெயரைத் தாங்கிய அந்தச் சேகரம் இப்போது கொலேஜ் வீதிக் கிளையில் இருக்கிறது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் அவரும் சி. எம். கோர்ன்புளூத்தும் சேர்ந்து சிரில் ஜட் என்ற ஒரே பெயரில் நாவல் எழுதினார்கள். அப்படிக் கூடி எழுதிய நூல்களுக்கு அலமாரியில் இடம் உண்டு. கூடி ஆடிய எழுத்து அஞ்சற்பெட்டிகளுக்குள்ளேயே கிடக்கும்.

எங்களில் ஒருவருக்கு அது பொறுக்கவில்லை. ஒரு பயணத்தின் முறைகளை எல்லாம் கோத்து, முரண்களை வெட்டி, நடையைச் சமன்செய்து நாவலின் முதற்பகுதியாக அனுப்பினார். வாசித்தோம். உழைப்பு தெரிந்தது, கதையும் ஓடியது. கறிவேப்பிலை உதிர்ந்த பக்கத்திலேயே வடிகட்டி பழுதென்று விளங்கிவிட்டது, இடையில் எவரும் காத்திருக்கத் தேவை இருக்கவில்லை. தண்டையலும் விமானியும் ஒரே தமிழ் பேசினார்கள்.