பாடங் கேட்டலும் கட்டுரை வரைதலும்

கல்லூரியில் இலக்கிய வகுப்புத் தொடங்கும் முதல் நாளன்று ஆசிரியர் சில ஒழுங்குகளை எடுத்துரைப்பது வழக்கம். நேரந் தவறாது வருதல் வேண்டும். குறித்த நூற்பகுதியை முன்னரே படித்து வருதல் வேண்டும். கட்டுரையை உரிய நாளில் ஒப்புவித்தல் வேண்டும். பிறர் எழுதியதைத் தமதென்று தருதல் கூடாது. இவற்றைத் தம்மை அடக்குதற்கு இடப்பட்ட வேலியென்றே மாணாக்கர் பெரும்பாலும் கருதுவர். ஆசிரியருட் சிலரும் அவ்வாறே எண்ணுவர். ஆயின், இலக்கியங் கற்பதன் பயன் யாது என்னும் வினாவுக்கு ஓர் ஆசிரியர் தம்முள்ளே கொண்டிருக்கும் விடையே இவ்வொழுங்குகளாய் வெளிப்படுகின்றது என்பது சிறிது சிந்திப்பார்க்குப் புலனாகும்.

தமிழில் இப்பொருளை முறைப்பட ஆராய்ந்தவற்றுள் யாவரும் அறிந்தது, 13 ஆம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரமாகும். நூல், ஆசிரியன், பாடஞ் சொல்லல், மாணாக்கன், பாடங் கேட்டல் என்னும் ஐந்தின் இயல்பையும் அது கூறுகின்றது. ஆறுமுக நாவலர் (1822-1879) அந்நூலுக்குக் காண்டிகையுரை செய்தளித்தமையால், யாழ்ப்பாணத்து மாணாக்கர்க்கு அது நெடுநாட் பழகியதொன்று. எனினும், பரீட்சைக்கு மனனஞ் செய்யும் பகுதியாக அதனைக் கொண்ட அளவிற்கு, நமது வகுப்பறையை அளக்குங் கோலாக நாம் கொண்டோமில்லை.

அப்பாயிரத்தின் வைப்புமுறை முதற்கண் நோக்கத்தக்கது. மாணாக்கனுக்குரியவற்றைச் சொல்லுமுன் ஆசிரியனுக்குரியவற்றை அது சொல்கின்றது. ஆசிரியன் நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் ஒத்தவனாதல் வேண்டும். ஆசிரியனாகத் தகாதவனுக்குக் காட்டிய உவமைகளுள் ஒன்று மடல் நிறைந்த பனை. பழம் தானாக விழுந்தாலன்றி, அணுகிப் பறித்தற்கு அது இடங்கொடாது. பனை சூழ்ந்த நம்மூரார்க்கு இவ்வுவமையை விரித்துரைத்தல் வேண்டா. சொல்லப் புகும் பொருளை முன்னரே உள்ளத்தில் அமைத்துக்கொள்ளல், விரையாமை, வெகுளாமை, கொள்வோனது ஆற்றலறிந்து சொல்லல் என்பனவும் ஆசிரியன் கடன்களாம். ஆகவே, படித்து வருக என மாணாக்கனுக்கு விதிப்பவர் தாம் ஆயத்தமின்றி வகுப்பினுட் புகுதல் தகாது. ஒழுங்கு இருவரையும் பிணிப்பது.

அடுத்து நோக்கத்தக்கது கல்வியின் பங்கீடு. ஆசிரியன் உரைத்ததனைக் குறைவறக் கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற் பங்கே என்பது பவணந்தியார் கொள்கை. உடன்கற்பாரோடு பயில்வதனால் மற்றொரு காற் பங்கு வரும். எஞ்சிய அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு விளங்க உரைக்கும்பொழுதே கைகூடும். தான் பெற்ற பொருளைத் தன் சொல்லால் மற்றொருவர்முன் நிறுவப் புகும்பொழுதே, தான் அறிந்தது எது, அறியாதது எது என்பதை ஒருவன் உணர்கின்றான். அக்காலத்தில் அப்பணி வாய்மொழியால் நிகழ்ந்தது. இக்காலக் கல்லூரியில் அதன் இடத்தை வகிப்பது கட்டுரை. ஆதலின், கட்டுரை வரைதலை இலக்கிய பாடத்தின் ஈற்றில் ஒட்டிய சோதனையெனக் கருதுதல் பிழை. அப்பாடத்தின் சரிபாதி அதுவே.

இவ்வுண்மையை யான் தெளிந்தது எனது பிழையொன்றினால். ஒரு தவணைப் பரீட்சையில், கம்பராமாயணக் கைகேயியின் குணவியல்பை ஆராயும்படி வினவியிருந்தேன். விடைத்தாள்களுட் பெரும்பாலன ஒரே தொடக்கமும், ஒரே மேற்கோள்களும், ஒரே முடிபும் உடையன. ஓரிடத்து எழுத்துப் பிழையுங்கூட எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருந்தது. யாவும் ஒரு குறிப்பேட்டிலிருந்து வந்தவை. ஒரு தாள் மாத்திரம் வேறுபட்டிருந்தது. பரதன் ஊரிலில்லாத வேளையில் முடிசூட்டு விழாவைத் தயரதன் விரைந்து நடத்த முற்பட்டது ஏன் என்றும், அவ்விரைவும் கைகேயியின் ஐயத்திற்கு இடந்தந்ததன்றோ என்றும் அம்மாணாக்கன் கேட்டிருந்தான். வாக்கியங்கள் செம்மையற்றவை; மேற்கோளும் இல்லை. அவனுக்கு யான் இட்ட புள்ளி ஏனையோர்க்கு இட்டதிலுங் குறைவு. துலாக்கோல் அன்று என் கையிற் சாய்ந்தது. குறிப்பை ஒப்புவித்தவர்க்கு உயர்ந்த புள்ளி கிடைக்குமாயின், கட்டுரை பற்றி எவ்வொழுங்கை விதித்தும் பயனில்லை. புள்ளியே மாணாக்கர் நம்பும் விதி.

அவ்வாறாயின் கட்டுரையை எவ்வாறு மதிப்பிடுவது? அதற்கும் பாயிரத்தில் வழியுண்டு. நூலுக்குரிய குற்றம் பத்தும் அழகு பத்தும் அதிற் கூறப்பட்டுள. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் முதலியன இன்றும் மாணாக்கர் கட்டுரைகளில் நாடோறும் காணப்படுவன. நன்கு தொடங்கிப் போகப் போக வலிகுன்றி முடியும் கட்டுரைக்குச் சென்று தேய்ந்திறுதல் என்பதிலும் பொருத்தமான பெயர் உண்டோ? சிவப்பு மையாற் பிழையெனக் கோடிடுவதிலும், இன்ன குற்றம் இதுவெனப் பெயர் சுட்டி எழுதுவது மாணாக்கனுக்கு நன்மை தரும்.

ஆயினும், பாயிரம் முழுவதையும் நாம் அவ்வாறே ஏற்றல் இயலாது. பாடங் கேட்கத் தகாதாரென அது விலக்குவோருள் பிணியாளனும், உறங்குவோனும், மந்தபுத்தி உடையோனும் அடங்குவர். தானே மாணாக்கனைத் தெரிந்தெடுத்த ஆசிரியனுக்கு அது பொருந்தியிருக்கலாம். 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த இந்நாட்டில், வாயிலில் நின்று விலக்கும் உரிமை நமக்கில்லை. வகுப்பில் உறங்குபவன் இரவெல்லாம் தந்தையோடு கடலில் இருந்தவனாகலாம். தாமதித்து வந்த கட்டுரையைத் தள்ளுமுன் அதன் காரணத்தைக் கேட்டறிதலும் ஆசிரியன் கடனே.

இக்காலத்தில் குறிப்பேட்டிலும் பெரியதொரு சோதனை வந்துள்ளது. வினாவைக் கொடுத்த சில கணங்களிற் கணினி ஒழுங்கான கட்டுரையொன்றை ஆக்கித் தருகின்றது. இதனைக் களவென்று கடிந்தமைவோரும், தடுத்தல் இயலாதெனக் கைவிடுவோரும் உளர். இரண்டும் போதா. பிறரோ பொறியோ எழுதியதை ஒப்புவிக்கும் மாணாக்கன் ஆசிரியரை ஏமாற்றுவதிலும் மிகுதியாகத் தன்னையே இழக்கின்றான். அவன் கைவிடுவது தன் கல்வியின் அரைப் பங்கு. இதனை முதல் நாளிலேயே அவனுக்கு உணர்த்துதல் வேண்டும். எழுதியதனை வகுப்பிற் படித்து, உடன்கற்பார் வினாக்களுக்கு விடையிறுக்கச் செய்தலும் வேண்டும். வினாதலும் விடை கூறலும் நன்னூலார் கூறிய பயிற்சிமுறைகளே.

செம்மையற்ற வாக்கியத்தைத் திருத்தலாம். எழாத வினாவைத் திருத்துதற்கு வழியில்லை. அன்று குறைந்த புள்ளி பெற்ற அம்மாணாக்கன், பின்னர் அத்தகைய வினாவொன்றை எழுதினானல்லன். அதற்கு யானும் காரணன் என்னும் எண்ணமே இக்கட்டுரையை வரையத் தூண்டிற்று.