யார்க்‌ஷைர் வீட்டின் கணப்படுப்பு

இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்‌ஷைரின் பழைய கல் வீடுகள் பலவற்றில் திறந்த கணப்பு இருந்த இடத்தை இன்று பிடித்துக்கொண்டிருப்பது, வார்ப்பிரும்பினால் செய்து, கண்ணாடிக் கதவு பொருத்தி, நிலக்கரி, விறகு இரண்டுக்கும் ஏற்றதென்று விற்கப்படும் மூடிய அடுப்பு. அவ்வகையில் 5 கிலோவாட் அடுப்பு ஒன்றைக் குளிர்காலம் முழுவதும் உபயோகித்துப் பார்த்த பிறகே இந்த அபிப்பிராயத்தை எழுதுகிறேன்.

உஷ்ணத்தில் குறையில்லை. திறந்த கணப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வீணாவதோடு, அறையின் சூடான காற்றும் உடன் இழுபட்டுப் போகிறது. இதிலோ உட்புகும் காற்றின் அளவை நாமே நிர்ணயிக்கிறோம். நிலக்கரிக்குக் காற்று கீழிருந்து, கம்பித் தட்டின் இடைவெளிகள் வழியே வரவேண்டும். சாம்பல் அடைத்தால் கங்கு மங்கும், ஆதலால் தட்டை அவ்வப்போது அசைத்து உதிர்த்துவிட வேண்டும். விறகின் சுபாவம் இதற்கு நேர் விரோதமானது: சாம்பல் படுகையின்மேல் கிடந்து, மேலிருந்து வரும் காற்றிலேதான் அது நிதானமாக எரியும். ஆகவே, கம்பித் தட்டின் கீழிருந்து காற்றூட்டும் இவ்வடுப்பு நிலக்கரிக்கே உத்தமம். விறகு இதில் விரைவில் எரிந்து தீர்ந்துவிடுகிறது. இரண்டையும் கலந்து எரிப்பதோ கூடவே கூடாது. விறகின் ஈரமும் நிலக்கரியின் கந்தகமும் சேர்ந்து அமிலமாகிப் புகைபோக்கியின் உட்குழாயை அரித்துவிடும்.

ஆனால் எல்லா நிலக்கரியும் இன்று கிடைப்பதில்லை. 1952 டிசம்பரில் லண்டனைச் சூழ்ந்த நிலக்கரிப் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரின் பிராணனைக் குடித்ததன் விளைவாக 1956-இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. 2023 மே முதல் சாதாரண வீட்டு நிலக்கரியின் விற்பனையே இங்கிலாந்தில் தடைப்பட்டுவிட்டது. இது நியாயமான தடை என்றே நான் கருதுகிறேன். அதன் ஸ்தானத்தில் வந்துள்ள புகையற்ற கரிக்கட்டியும் அந்த்ரசைட் என்னும் கடின நிலக்கரியும் எளிதில் பற்றுவதில்லை. சிறு சுள்ளிகளால் நல்ல தணல் உண்டாக்கிய பின், பொறுமையாகச் சிறிது சிறிதாக இடவேண்டும். பற்றிக்கொண்டாலோ, சிறு நீலச் சுவாலையுடன் இரவு முழுவதும் கனன்றுகொண்டிருக்கும்.

இரவில் காற்றைக் குறைக்கலாமேயன்றி முற்றும் அடைத்தல் ஆகாது. அரைகுறையாக எரியும் கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அடுப்பு நிறுவும்போது எச்சரிக்கைக் கருவியும் பொருத்தவேண்டுமென்று அந்நாட்டுக் கட்டட விதிகள் வற்புறுத்துவது இதனாலேதான்.

நான் காணும் பெரிய குறை, சாம்பல் தட்டின் ஆழக்குறைவு. அந்த்ரசைட் எரிந்த மறுநாள் காலையில் அது நிரம்பிவிடுகிறது. சாம்பல் மேலேறிக் கம்பிகளைத் தொட்டால், காற்றின் குளிர்ச்சி கிட்டாமல் அவை அளவுமீறிச் சூடேறி வளைந்துபோகும். இரண்டு விரற்கடை ஆழம் கூட்டினால் இவ்வடுப்பை நிலக்கரி எரிப்போர் எவருக்கும் தயக்கமின்றிச் சிபாரிசு செய்வேன்.