சிரிப்புக்கு நாலு மார்க்

ஷெரில் சாண்ட்பெர்க்கின் 'லீன் இன்' நூலை நான் வகுப்புக்காகத்தான் முதலில் வாசித்தேன். பெண்கள் கல்லூரி ஒன்றில் இறுதியாண்டு மாணவிகளுக்கு மென்திறன் தாளை நடத்தச் சொல்லியிருந்தார்கள். 'தலைமைப்பண்பு' அலகுக்கு என்ன படிக்கலாம் என்று கேட்டபோது எல்லோரும் கைகாட்டியது அந்தப் புத்தகத்தைத்தான். 2013இல் வந்தது, அப்போது அவர் ஃபேஸ்புக்கின் தலைமைச் செயல்பாட்டு அதிகாரி. ஓரமாக ஒதுங்காதே, மேசைக்கு வந்து உட்கார், உயர்த்திய கையை இறக்காதே என்று அது சொன்னது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. கூட்டங்களில் கடைசி நாற்காலியைத் தேடிப்போகும் பழக்கம் எனக்கும் உண்டு.

இரண்டாம் வாசிப்பில்தான் ஓரிடத்தில் தடுக்கியது. ஹெய்டி ரோய்சன் என்ற தொழில்முனைவோரின் வெற்றிக் கதையை வணிக மேலாண்மை மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வை நூல் விவரிக்கிறது. பாதிப் பேருக்கு அவர் பெயரிலேயே கதை போனது. மீதிப் பேருக்கு 'ஹோவர்ட்' என்று பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். திறமையில் இருவரும் சமம் என்றுதான் மாணவர்கள் மதிப்பிட்டார்கள். ஆனாலும் ஹோவர்டைப் பிடித்தது. ஹெய்டி சுயநலக்காரியாகத் தெரிந்தார்.

இவ்வளவும் தெரிந்த நூல் அடுத்து என்ன சொல்கிறது? சம்பளம் பேசப் போகும் பெண் இனிமையாகப் பேச வேண்டும், 'நான்' என்பதைக் குறைத்து 'நாங்கள்' என்று சொல்ல வேண்டும் என்கிறது. அநியாயமான விதிகளுக்கு வளைந்துகொடுக்கச் சொல்கிறோம் என்பதை சாண்ட்பெர்க்கே ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்ட பிறகும் ஆலோசனை மாறவில்லை. தராசு கோணல் என்று தெரிந்தும், அதில் நிற்பவளைத்தான் கொஞ்சம் சாய்ந்து நில் என்கிறது. இந்நூல் எந்தப் பெண்ணிடம் பேசுகிறது என்று பெல் ஹூக்ஸ் அதே ஆண்டில் கேட்டார். இனமும் வர்க்கமும் இல்லாத 'பெண்' என்று ஒருத்தி எங்கும் இல்லை. என் வகுப்பில் இருந்தவர்களில் பலர், வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளும் வீடுகளின் பிள்ளைகள் அல்ல. அந்த வீடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள்.

இனிமையாக இல்லாதவளுக்கு என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. மென்திறன் பாடநூல்களில் அது இருக்க வேண்டும்; நான் பார்த்தவற்றில் இல்லை. பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் 1982இல் பங்குதாரர் பதவிக்கு முன்மொழியப்பட்டவர்கள் 88 பேர். அவர்களில் ஒரே பெண் ஆன் ஹாப்கின்ஸ். ஏற்கெனவே இருந்த 662 பங்குதாரர்களில் பெண்கள் 7 பேர். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பெரிய ஒப்பந்தத்தைப் பெறுவதில் முக்கியப் பங்காற்றியவர் அவர். பதவி தள்ளிப்போடப்பட்டது. மனிதர்களோடு பழகும் திறன் போதாது என்பது காரணம். அதாவது, இன்று நாம் மென்திறன் என்று சொல்வதேதான்.

அவர் கடுமையானவர் என்ற குற்றச்சாட்டு வெறும் கட்டுக்கதை அல்ல. அவரை ஆதரித்தவர்களே அதைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதற்கு நிறுவனத்தில் சொல்லப்பட்ட மருந்தைப் பாருங்கள். பெண்களுக்கு நளினம் சொல்லித்தரும் வகுப்புக்குப் போகட்டும் என்றார் ஒரு பங்குதாரர். இன்னும் பெண்மையோடு நட, பேசு, உடுத்து. ஒப்பனை செய், முடியை அலங்கரித்துக்கொள், நகை போடு என்றார் இன்னொருவர். ஊழியர்களிடம் கடுமையைக் குறைத்துக்கொள்ளக் கம்மல் எப்படி உதவும் என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வேலைக்கு அதட்டல் தேவை, ஆனால் அதட்டுகிற பெண் ஆகாது என்றால் அவள் எந்தப் பக்கமும் நகர முடியாது. அது சட்டத்துக்குப் புறம்பு என்ற கருத்து 1989 தீர்ப்பில் பதிவானது. பிறகு நீதிமன்ற உத்தரவின் பேரிலேயே ஹாப்கின்ஸ் பங்குதாரர் ஆனார்.

இந்தச் சொல்லின் பிறப்பும் வேடிக்கையானது. 'சாஃப்ட் ஸ்கில்ஸ்' 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவப் பயிற்சித் துறையில் புழங்கிய சொல். இயந்திரத்தோடு அதிகம் தொடர்பில்லாத வேலைத்திறன்கள் அதில் அடங்கின. ஆட்களை மேற்பார்வையிடுவதும் வழிநடத்துவதும்கூட அப்படித்தான் 'சாஃப்ட்' ஆயின. படையை நடத்துவதில் என்ன மென்மை இருக்கிறது? தமிழில் 'மென்' என்று போட்டதும் பழைய 'மெல்லியலார்' பின்னாலேயே வந்துவிட்டார். பெண்ணுக்கு அது இயல்பு என்றாகிவிட்டது. இயல்பு என்று ஆனதற்கு யார் கூலி கொடுப்பார்கள்? இருந்தால் கணக்கில் வராது. இல்லாவிட்டால் மட்டும் குறை என்று எழுதப்படும்.

இந்தத் தாளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நேர்காணலில் எங்கே கை வைத்துக்கொள்வது, மின்னஞ்சலை எப்படித் தொடங்குவது என்று வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைகளுக்கு இது தேவை. நானும் அப்படி வந்தவள்தான். என் சங்கடம், நான் மதிப்பெண் போட்ட விதம் பற்றியது.

மாதிரி நேர்காணலில் ஒரு மாணவி, அம்மாவின் சுய உதவிக் குழுவுக்குப் பத்தாம் வகுப்பிலிருந்து தான் கணக்கு எழுதுவதாகச் சொன்னாள். தவணை கட்டாதவர்கள் வாசலில் போய் நிற்பாளாம். சண்டையும் போடமாட்டாள், வெறுங்கையோடும் திரும்பமாட்டாள். நல்ல உரத்த குரல். ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. என் கையில் இருந்த படிவத்தில் 'உடல்மொழி, இனிமை' என்ற கட்டத்துக்குப் பத்து மதிப்பெண். நான் நாலு போட்டேன். தவணை வசூலித்த கதைக்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

"மேம், சிரிச்சிருந்தா எவ்ளோ போட்டிருப்பீங்க?" என்று கேட்டாள்.

"எட்டு."

"அப்ப சிரிப்புக்கு மட்டும் நாலு மார்க்கா?"

இரண்டு வாரம் கழித்து மறுவாய்ப்பு கொடுத்தோம். முதல் கேள்வியிலிருந்து கடைசிவரை சிரித்துக்கொண்டே, தணிந்த குரலில் பதில் சொன்னாள். குழுவைப் பற்றியோ தவணையைப் பற்றியோ ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நான் எட்டு போட்டேன்.