சராசரி மனிதனுக்குத் தைத்த இருக்கை

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தருகே ஸ்ரீரங்கத்துக்கோ சமயபுரத்துக்கோ சவாரியை எதிர்பார்த்து நிற்கும் வாடகைக் கார்களுக்குள் ஒருமுறை எட்டிப் பாருங்கள். ஓட்டுநர் இருக்கை, கம்பெனி கொடுத்தபடியே இருப்பது அபூர்வம். மரமணி கோத்த விரிப்பு ஒன்று, இடுப்புக்குப் பின்னால் நான்காக மடித்த துண்டு, சில கார்களில் வீட்டிலிருந்து வந்த சிறு தலையணை. ஓட்டுநர் பருத்த உடல்வாகு உடையவரானால் இந்தச் சேர்மானங்கள் இன்னும் கூடும். ஒரு பொருளைப் பயன்படுத்துவோர் இத்தனை பேர் அதன்மேல் துண்டை மடித்து வைக்கிறார்கள் என்றால், குறை அவர்கள் உடம்பிலா, பொருளிலா?

கார் வாங்கப் போகிறவர்கள் இருக்கையில் அமர்ந்து, இரண்டு முறை எம்பிப் பார்த்து, மெத்தென்று இருக்கிறது என்று திருப்தி கொள்கிறார்கள். இது தவறான சோதனை. காரணத்தைப் பள்ளி இயற்பியலே சொல்லும். உட்கார்ந்திருப்பவரின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கை அடிமெத்தை தாங்குகிறது. 60 கிலோ எடையுள்ளவர் அமரும்போது மெத்தை 3 செ.மீ. அமுங்குவதாகக் கொள்வோம். ஹூக் விதிப்படி 100 கிலோ எடையுள்ளவருக்கு அது 5 செ.மீ. அமுங்கவேண்டும். ஆனால் ஃபோம் ஹூக்கின் விதிக்கு ஓரளவுக்கே கட்டுப்படும். மெத்தையின் கனம் 8 செ.மீ. தான் என்றால், பாதிக்குமேல் அமுங்கியதும் ஃபோமின் நுண்ணறைகள் ஒன்றோடொன்று நசுங்கி, மெத்தை விறைத்துக்கொள்ளும். பிறகு அவர் உட்கார்ந்திருப்பது மெத்தையின்மேல் அன்று, ஏறக்குறைய அடித்தகட்டின்மேல். வேகத்தடையில் வரும் குலுக்கல் முதுகெலும்புக்கு நேரே போகும். அமர்ந்த நிலையிலுள்ள மனித உடல் செங்குத்து அசைவில் வினாடிக்கு 4 முதல் 6 அதிர்வுகளில் ஒத்ததிர்வு அடைகிறது. அந்த அதிர்வுகளை விழுங்கவேண்டிய மெத்தை, கனத்த உடலுக்கு மட்டும் வேலைநிறுத்தம் செய்கிறது எனலாம்.

குஷன் கடைகளில் 'டென்சிட்டி 40 போட்டால் போதும்' என்பார்கள். டென்சிட்டி என்பது அடர்த்தி. ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை எத்தனை கிலோ என்பது. அது பெரும்பாலும் உழைப்பைக் காட்டுமே தவிர, கடினத்தைக் காட்டாது. ஒரே அடர்த்தியில் இளகிய ஃபோமும் உண்டு, இறுகிய ஃபோமும் உண்டு. ஆய்வுக்கூடங்களில் ஃபோமை 25 விழுக்காடு அமுக்கத் தேவைப்படும் விசையையும், 65 விழுக்காடு அமுக்கத் தேவைப்படும் விசையையும் அளந்து, இரண்டின் விகிதத்தைப் பார்க்கிறார்கள். விகிதம் உயர்ந்திருந்தால் மேலே மெத்தென்றும் ஆழத்தில் தாங்கும் வலுவோடும் இருக்கும். பருத்த ஓட்டுநர் கேட்கவேண்டிய எண் இதுவே. விளம்பரங்களில் நான் இதைக் கண்டதில்லை.

அடுத்தது அகலம். கலிலியோ 1638-இல் எழுதிய நூலில் ஒரு கருத்தை விளக்கினார்: உருவம் மாறாமல் ஒரு பொருள் பெருத்தால், எடை நீளத்தின் மும்மடியாகவும் பரப்பு இருமடியாகவும் வளரும். எடை 60-இலிருந்து 100 கிலோ ஆகும்போது அது 1.67 மடங்கு, தாங்கும் பரப்போ 1.4 மடங்குதான். அழுத்தம் சுமார் 19 விழுக்காடு கூடிவிடுகிறது. அந்தப் பரப்பாவது முழுதாகக் கிடைக்கிறதா என்றால், அதுவும் இல்லை. இன்றைய இருக்கைகளின் இருபுறமும் தொடையை அணைக்கும் மேடுகள் எழும்பி நிற்கின்றன. வளைவில் வேகமாகத் திரும்பும் பந்தயக்காரருக்கு அவை துணை. பெரிய தொடையுள்ளவருக்கோ, எடை அந்த இரு மேடுகளில் ஏறி, நடுமெத்தை பாதி சும்மா கிடக்கும்.

பழைய அம்பாசிடரைப் பற்றிப் பேசினால் ஓட்டுநர்கள் இன்றும் பெருமூச்சு விடுவார்கள். முன்புறம் ஒரே நீள பெஞ்சு இருக்கை, ஸ்டீயரிங்கை ஒட்டிய கியர். பருத்தவர் தாராளமாகப் பரவி அமரலாம். 1983 டிசம்பரில் மாருதி வந்தபின் தனித்தனி இருக்கைகள் வழக்கமாயின. ஆயினும் அம்பாசிடரைப் போற்றுபவர்களோடு நான் முழுதும் உடன்படவில்லை. பெஞ்சு இருக்கை பக்கவாட்டில் பிடிமானம் தராது. அதன் சுருள்வில்கள் சில ஆண்டுகளில் தொய்ந்து குழியாகிவிடும். இடம் இருந்தது, தாங்குதல் இல்லை.

குறையின் வேர் 'சராசரி மனிதன்' என்னும் கற்பனையில் இருக்கிறது. 1950-இல் அமெரிக்க விமானப்படை 4,063 விமானிகளின் உடலை அளந்தது. கில்பர்ட் டேனியல்ஸ் என்பவர் அவற்றுள் 10 அளவுகளை எடுத்துக்கொண்டு, பத்திலும் சராசரியை ஒட்டியவர் எத்தனை பேர் என்று எண்ணினார். ஒருவர்கூட இல்லை! விமான இருக்கைகளை ஆளுக்கேற்ப நகர்த்தும்படி அமைக்க இது வலுவான காரணமாயிற்று.

கார்களிலும் அந்த வசதி இல்லாமல் இல்லை. இருக்கையை உயர்த்தித் தாழ்த்தலாம். ஸ்டீயரிங்கை மேலும் கீழும், சிலவற்றில் முன்னும் பின்னும் நகர்த்தலாம். ஆனால் பெரும்பாலும் இவை விலை கூடிய மாடல்களுக்கே கிடைக்கின்றன. வாடகைக்கு ஓடுவதோ பெரும்பாலும் விலை குறைந்த அடிப்படை மாடல். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஓட்டுபவருக்கு எல்லா வசதியும், நாளெல்லாம் ஓட்டிப் பிழைப்பவருக்கு முன்னும் பின்னும் நகரும் இருக்கை மட்டும். இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை.

அந்த ஒரே நகர்வையும் பின்னால் அமர்ந்திருப்பவர் பறித்துக்கொள்கிறார். "டிரைவர், சீட்டைக் கொஞ்சம் முன்னால தள்ளிப் போடுங்க, கால் இடிக்குது" என்ற குரலைக் கேட்காத ஓட்டுநர் உண்டா? 2006 முதல் 4 மீட்டருக்குள் அடங்கும் சிறு கார்களுக்கு வரிச்சலுகை கிடைத்ததால், இருக்கும் நீளத்தை முன்னும் பின்னும் பங்கிடுவதில் இழுபறி மிகுந்தது. இது வெறும் வசதிக் குறைவு அன்று. 2019 ஜூலை முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயம். அது கண்ணிமைக்கும் நேரத்திற்குள் வெடித்து விரியும். ஸ்டீயரிங்கின் நடுவுக்கும் மார்பெலும்புக்கும் 25 செ.மீ. இடைவெளியாவது வேண்டும் என்பது அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் அறிவுரை. வயிறு பெருத்தவர் இருக்கையை முன்னே தள்ளினால் இந்த இடைவெளி கரைந்துவிடும். பெல்ட்டும் இடுப்பெலும்பின்மேல் தாழ்வாகப் படியாமல் வயிற்றின்மேல் ஏறும்; மோதலில் எலும்பு தாங்கவேண்டிய விசையைக் குடல் தாங்கும். ஆகவே பின்னிருக்கைக்காரர் கேட்டாலும் ஓட்டுநர் மறுக்கலாம், மறுக்கவேண்டும்.

மடித்த துண்டைக் குறை சொல்ல மாட்டேன். இடுப்பின் குழிவை அது நிரப்புகிறது; முதுகுத்தண்டின் வட்டுகளில் அழுத்தம் குறைகிறது. மரமணி விரிப்பு காற்றோட்டம் தரும், தாங்குவதில்லை. மேலே இன்னொரு குஷன் போடுவது நல்லதன்று; தலை கூரையை நெருங்கும், பெல்ட்டின் கோணம் மாறும். உள்ளே இருக்கும் ஃபோமையே மாற்றித் தரச் சொல்வது மேல். இருக்கையின் பக்கத்தில் காற்றுப்பை என்ற முத்திரை இருந்தால் மட்டும், அந்த இடத்தில் உறையோ தையலோ படக்கூடாது.