புதையுண்ட ஆறும் நில எழுத்தறிவும்

அறிவு மக்களைச் சென்றடைந்தால் அநீதி தானே அகலும் என்னும் நம்பிக்கை ஆசிரியர்களாகிய நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. அந்நம்பிக்கையின் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே காட்டுவது அமெரிக்கப் பேராசிரியை ஆன் விஸ்ரன் ஸ்பேர்ணின் பணி.

நகரமும் இயற்கையின் ஒரு கூறே என்பதை 1984இல் 'கருங்கற் பூங்கா' என்ற நூலில் வற்புறுத்திய இவ்வம்மையார், 1986 முதல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் நிலத்தோற்றக் கட்டடக்கலை கற்பித்தார். 2000ஆம் ஆண்டில் மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திற்குச் சென்றார். 1987இல் அவர் தொடங்கிய மேற்குப் பிலடெல்பியா நிலத்தோற்றத் திட்டம், பல்கலைக்கழக மதிலைக் கடந்து, அயலில் வாழ்ந்த வறிய கறுப்பின மக்களை நாடிச் சென்றது.

அங்கே மில் கிறீக் என்றொரு பகுதி உண்டு. அதற்குப் பெயர் தந்த ஓடை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கழிவுநீர்க் குழாயினுள் அடைக்கப்பட்டு மண்ணால் மூடப்பட்டது. அதன்மேல் வீடுகள் எழுந்தன. பின்னர் குழாய் உடைந்தது, நிலம் உள்வாங்கியது, வீடுகள் வீழ்ந்தன. எஞ்சிய வெறுங்காணிகளைப் பலர் வறுமையின் வடு என்றே கண்டனர். அவற்றிற் புதையுண்ட ஆற்றின் தடத்தைக் கண்டவர் ஸ்பேர்ண். 1996 முதல் அப்பகுதிப் பாடசாலை மாணவர், பழைய நிலப்படங்களையும் ஆவணங்களையும் துணைக்கொண்டு, தம் தெருவின் வரலாற்றைத் தாமே கற்றனர். இதனை அவர் நில எழுத்தறிவு என்றார். பாடநூலை ஒப்புவித்தலே கல்வி எனப் பழகிய நமக்கு இஃது அரியதோர் படிப்பினை.

எனினும் ஓரிடத்தில் நாம் அவருடன் மாறுபடவேண்டியுள்ளது. 1994இல் வெளியான நகரத் திட்டம் அப்புதையாற்றின் ஆபத்தைப் புறக்கணித்தது. இத்தகைய தவறுகளுக்கு நிலத்தை வாசிக்கத் தெரியாமையையே ஸ்பேர்ண் பெரிதும் காரணமாக்குகிறார். இனப் பாகுபாட்டையும் வறுமையையும் அவர் மறைத்தாரல்லர். ஆயினும் ஆபத்து எடுத்துரைக்கப்பட்ட பின்னரும் அதனைக் காணாதிருத்தல் வெறும் அறியாமையாகுமா? இழப்போர் ஏழைகளாயிருக்கையில் குருட்டுத்தன்மை அதிகாரத்துக்கு வசதியானதே!

2011இல் பிலடெல்பியா நகரம், மழைநீரை நிலத்திலேயே உறிஞ்சவிடும் 25 ஆண்டுத் திட்டமொன்றை ஏற்றது. ஸ்பேர்ண் நெடுங்காலம் வாதாடிய வழி அது. ஆனால், கழிவுநீர் ஆறுகளிற் கலப்பதைத் தடுக்கும்படி சட்டம் நெருக்கியமையும், பெருஞ் சுரங்கக் குழாய்களைவிட இவ்வழி செலவு குறைந்தது என்ற கணக்கும் அம்முடிவின் பின்னின்றன என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆகவே நில எழுத்தறிவு தொடக்கமேயன்றி முடிவன்று. தம் நிலத்தை வாசிக்கக் கற்ற மக்கள், அதன் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் உரிமைக்காக அணிதிரளவும் வேண்டும். அங்கு ஆசிரியரின் இடம் அவர்கள் பக்கமே.