பட்டமும் பொறுப்பும்: நீலிமா இப்ராஹிமின் நூலை முன்வைத்து ஒரு நோக்கு

போர் பற்றிய இலக்கியங்கள் பெரும்பாலும் வென்றோரையும் வீழ்ந்தோரையும் பாடுவனவாகவே அமைந்துள்ளன. களத்தில் நில்லாது, ஆனாற் களத்தின் விளைவுகளைத் தம் உடலிற் சுமந்த பெண்கள் அவற்றில் இடம்பெறும்போதும், அழுகுரலாகவோ குலமானத்தின் குறியீடாகவோதான் இடம்பெறுகின்றனர். இப்பொது மரபிலிருந்து விலகி நிற்பது என்ற வகையில், வங்காள மொழியில் 1990களின் நடுப்பகுதியில் இரு பாகங்களாக வெளிவந்த 'ஆமி பீராங்கனா போல்ச்சி' என்னும் நூல் கவனத்துக்குரியது. இதன் ஆசிரியர் நீலிமா இப்ராஹிம் (1921-2002) டாக்காப் பல்கலைக்கழகத்தில் வங்காள மொழிப் பேராசிரியராக விளங்கியவர். 1971ஆம் ஆண்டுப் போரின்போது பாலியல் வல்லுறவுக்கு உள்ளாக்கப்பட்ட பெண்கள் எழுவரின் வரலாறுகளை, அவரவரே கூறுவதுபோலத் தன்மையிடத்தில் அமைத்து அவர் இந்நூலை ஆக்கினார்.

நூலின் தலைப்பைத் தமிழில் 'நான் வீராங்கனை பேசுகிறேன்' என எளிதாகப் பெயர்த்துவிடலாம். வங்காளத்தின் 'பீராங்கனா'வும் தமிழின் 'வீராங்கனை'யும் ஒரே வடசொல்லின் இரு வடிவங்கள். தமிழில் இன்று விளையாட்டு மைதானத்திற் பரிசு பெறும் பெண்ணையும் குறிக்கும் இச்சொல், பங்களாதேஷில் 1971க்குப் பின்னர் முற்றிலும் வேறானதொரு பொருட்சுமையைப் பெற்றது. போர் முடிந்து ஒரு வாரமும் கழியுமுன், 1971 டிசெம்பர் 22ஆம் நாள், படையினரால் வல்லுறவுக்கு உள்ளாக்கப்பட்ட பெண்கள் அனைவரும் 'பீராங்கனா' என மதிக்கப்படுவர் எனப் புதிய அரசு அறிவித்தது. இரண்டு இலட்சம் பெண்கள் இவ்வாறு பாதிக்கப்பட்டனர் என்பது அரசு தரப்பிற் கூறப்பட்ட தொகை. இத்தொகை பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயின் கொடுமை பரந்த அளவில் நிகழ்ந்தது என்பதில் ஐயமில்லை.

அரசின் அறிவிப்பு நல்லெண்ணத்தின் பாற்பட்டது என்பதை மறுத்தல் தகாது. பாதிக்கப்பட்ட பெண்ணைக் குற்றவாளியாகக் காணும் சமுதாயத்தில், அவளை வீரத்தோடு இணைத்துப் பேசுதல் துணிவான செயலே. எனினும், ஒரு பட்டத்தின் இயல்பு யாதெனில், அது பாதிக்கப்பட்டவளை நோக்கிப் பேசுகின்றது. குற்றம் இழைத்தவனை நோக்கி எதனையும் கேட்பதில்லை. 'இவள் யார்?' என்ற வினாவுக்கு அது விடை கூறுகின்றது. 'இதனைச் செய்தவன் யார்? செய்வித்தவன் யார்? தடுக்கக்கூடியவனாயிருந்தும் வாளாவிருந்தவன் யார்?' என்ற வினாக்களை அது எழுப்புவதில்லை. இவ்வினாக்களை எழுப்பி விடை பெறும் ஒழுங்கமைப்பே பொறுப்புக்கூறல் எனப்படுவது. பட்டம் அதன் தொடக்கமாக அமையலாம். அதன் பதிலியாக அமைதல் கூடாது. நீலிமா இப்ராஹிமின் நூலை இந்நோக்கில் வாசிக்கும்போதே அதன் வலிமையும் வரையறையும் தெளிவாகின்றன.

பட்டத்தைச் சமுதாயம் எவ்வாறு ஏற்றுக்கொண்டது என்பது முதற்கண் நோக்கத்தக்கது. வங்காளப் பேச்சில் 'பீராங்கனா' என்பதன் முதலுயிரைச் சற்றே மாற்றினால் 'பாராங்கனா' ஆகும். அது பொருட்பெண்டிரைக் குறிக்கும் சொல். தமிழிலும் பழைய வழக்கில் 'வாராங்கனை' இப்பொருளையே தரும். வீராங்கனைக்கும் வாராங்கனைக்கும் இடையே ஓரெழுத்தே வேற்றுமை. ஊர் அவ்வெழுத்தை மாற்றிவிட்டது. ஆணையினாற் பிறந்த மதிப்பு, சமுதாய உறவுகளில் மாற்றம் நிகழாதவிடத்து, ஏளனமாகத் திரிவது எவ்வளவு எளிது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நூலின் முதற் கதையைக் கூறும் தாரா என்ற பெண், போரின் பின் டாக்காவிலுள்ள புனர்வாழ்வு நிலையத்திற் தங்கியிருக்கிறாள். தந்தை அவளைக் காண வருகிறார். ஆனால் உடனழைத்துச் செல்ல வரவில்லை. ஈற்றில் அவள் தாதியாகி, தேசம் கடந்து டென்மார்க்கிற் புதிய வாழ்வை அமைத்துக்கொள்கிறாள். மெஹெர்ஜான் என்ற மற்றொருத்தி, தன்னை மணந்த பாகிஸ்தானியப் படையினன் ஒருவனோடு அந்நாட்டுக்கே செல்லத் துணிகிறாள். போர்க் கைதிகளோடு முப்பது நாற்பது பெண்கள் நாட்டை விட்டுச் செல்லவிருக்கின்றனர் என்று கேள்வியுற்று அவர்களைக் காணச் சென்றமையே தமது முயற்சிக்குத் தூண்டுதலாயிற்று என ஆசிரியர் முன்னுரையிற் கூறுகின்றார். வீராங்கனை எனத் தம்மைப் போற்றிய நாட்டைவிட, தம்மைச் சிறைவைத்த படையினரின் நாடு அப்பெண்களுக்கு ஏற்புடையதாகத் தோன்றியது ஏன் என்பதே நூல் முழுவதிலும் ஒலிக்கும் வினா. பகைவனின் கொடுமையை மட்டும் எழுதியிருப்பின் இந்நூல் தேசியப் பிரசாரமாக முடிந்திருக்கும். வீட்டு வாசலில் நின்ற தந்தையையும் உடன்பிறந்தானையும் கணவனையும் விசாரணைக்கு உட்படுத்தியமையாலேயே அது இலக்கியமாகின்றது.

இவ்விடத்து, அக்காலத்தில் அரசு மேற்கொண்ட நடவடிக்கைகளையும் நூலோடு ஒப்புநோக்குதல் பயனுடைத்து. 1972இல் புனர்வாழ்வுச் சபை நிறுவப்பட்டது. கருக்கலைப்புக்கு வசதி செய்யப்பட்டது. போர்க் குழந்தைகளை வெளிநாட்டார் தத்தெடுப்பதற்கு அதே ஆண்டிற் சட்டம் ஆக்கப்பட்டது. பெண்களை மணமுடிக்க ஆடவர் ஊக்குவிக்கப்பட்டனர். தையலும் தட்டெழுத்தும் கற்பிக்கப்பட்டன. இவற்றாற் பலர் உயிர் தப்பினர் என்பது உண்மை. ஆனால் இந்நடவடிக்கைகள் அனைத்தும் நிகழ்ந்ததன் அடையாளங்களை அகற்றுவதையே நோக்காகக் கொண்டன. பெண்களின் எதிர்காலத்தைக் காக்கும் பொருட்டு நிலையங்களின் பதிவேடுகளும் அழிக்கப்பட்டன எனக் கூறப்படுகின்றது. மானத்தைக் காப்பதற்காக அழிக்கப்பட்ட ஏடு, நீதியின் கண்ணோட்டத்தில் அழிக்கப்பட்ட சான்றாகும். பாதிக்கப்பட்டவளின் பெயரை மறைக்கும் அதே வேளையில் அவள் சாட்சியத்தைப் பேணும் வழியொன்று வகுக்கப்பட்டிருக்க வேண்டும். அது வகுக்கப்படவில்லை.

சட்டம் இருக்கவில்லையா எனின், இருந்தது. 1973ஆம் ஆண்டின் சர்வதேசக் குற்றங்கள் (நியாய மன்றுகள்) சட்டம் மானுடத்துக்கெதிரான குற்றங்களின் வரிசையில் வல்லுறவையும் பெயர் சுட்டிச் சேர்த்திருந்தது. அவ்வாண்டு நவம்பரில் பகைவருக்குத் துணைபோனோருக்குப் பொதுமன்னிப்பு வழங்கப்பட்டபோதும், கொலை, வல்லுறவு முதலிய குற்றஞ்சாட்டப்பட்டோர் அதிலிருந்து விலக்கப்பட்டனர். ஆயின் 1974 ஏப்ரலில் இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் ஆகிய மூன்றும் டில்லியிற் செய்த உடன்படிக்கையின்படி, விசாரிக்கப்படவிருந்த 195 பாகிஸ்தானியப் படையினரும் நாடு திரும்ப அனுமதிக்கப்பட்டனர். 1975இன் ஆட்சி மாற்றத்தின் பின், அவ்வாண்டு டிசெம்பரில், துணைபோனோரை விசாரிப்பதற்கான ஆணையும் நீக்கப்பட்டது. 1973இன் சட்டத்தின் கீழ் நியாய மன்று அமைக்கப்பட்டது 2010இலேயே. சட்டம் எழுதப்பட்ட ஆண்டுக்கும் மன்று கூடிய ஆண்டுக்கும் இடையே முப்பத்தேழு ஆண்டுகள்! நீலிமா இப்ராஹிமின் நூல் பிறந்தது இவ்விடைவெளியில் என்பது மனங்கொள்ளத்தக்கது. நீதிமன்று இல்லாத காலத்தில் நூல் நீதிமன்றாக முயன்றது.

அம்முயற்சியின் வரையறைகளையும் விமரிசனம் சுட்டியே ஆகவேண்டும். எழுவரும் ஏறத்தாழ ஒரே நடையிற் பேசுகின்றனர். கிராமத்துப் பெண்ணின் வாயிலும் பேராசிரியரின் சொற்களே சில இடங்களில் ஒலிக்கின்றன. துயருற்ற பெண்ணுக்கு நல்ல கணவன் வாய்ப்பதைக் கதையின் தீர்வாகக் காணும் போக்கும் உண்டு. குடும்பத்தின் அங்கீகாரத்தையே விடுதலையாகக் கருதும் பழைய மதிப்பீடு, அதனை எதிர்க்கும் நூலுக்குள்ளேயே மறைந்து நிற்கின்றது. அனைத்துக்கும் மேலாக, பேசும் பெண் தன் பெயரை மறைத்தே பேசவேண்டியுள்ளது. எனவே அவளது கூற்று வாசகனின் மனச்சாட்சியைத் தொடுமேயன்றி, எந்த எதிரியையும் கூண்டில் ஏற்றாது. மூன்றாம் பாகம் எழுதப்போவதில்லை என ஆசிரியர் பிற்பட்ட பதிப்பிற் தெரிவித்தார். தமது உடல்நலக் குறைவோடு, சமுதாயத்தின் பழமைப் போக்கையும் அவர் காரணமாகக் காட்டினார். அப்பெண்களை மீண்டும் அவமதிப்புக்கு உள்ளாக்க அவர் விரும்பவில்லை. ஒரு நூலாசிரியரின் இம்மௌனமும் நூலின் ஒரு பகுதியாகவே வாசிக்கப்பட வேண்டும்.

அவரது அச்சம் ஆதாரமற்றதன்று. 1992 மார்ச் 26ஆம் நாள் டாக்காவில் எழுத்தாளர் ஜஹானாரா இமாமின் தலைமையிற் கூடிய மக்கள் நீதிமன்றுக்கு, குஷ்டியாப் பகுதியைச் சேர்ந்த மூன்று ஏழைப் பெண்கள் அழைத்துவரப்பட்டனர். அவர்களுடைய படங்கள் பத்திரிகைகளில் வெளிவந்தன. ஊர் திரும்பியபோது அவர்களுக்குக் காத்திருந்தது வசைமொழியே. அரசியல் இயக்கத்துக்கு அவர்களின் முகம் தேவைப்பட்டது. அம்முகத்துக்குப் பின்னர் என்ன நேரும் என்பது எவருடைய பொறுப்பாகவும் இருக்கவில்லை. சாட்சியைக் காக்கும் ஏற்பாடின்றிச் சாட்சியத்தைக் கோருதல் இரண்டாவது வன்முறையாகும்.

சாட்சியம் சட்டமாக மாறிய சந்தர்ப்பம் ஒன்று ஆபிரிக்காவில் நிகழ்ந்தது. 1994ஆம் ஆண்டு றுவாண்டா இனப்படுகொலை தொடர்பாக, தபா என்னும் பிரதேசத்தின் நிருவாகத் தலைவராயிருந்த அக்காயேசு என்பவர் மீது சர்வதேச மன்றில் வழக்குத் தொடரப்பட்டபோது, முதற் குற்றப்பத்திரத்தில் வல்லுறவு பற்றிய குற்றச்சாட்டே இருக்கவில்லை. 1997 ஜனவரியில் சாட்சியமளித்த பெண்ணொருத்தி தன் சிறுமகளுக்கு நேர்ந்ததைக் கூறினாள். மேலும் சாட்சியங்கள் வெளிவந்தன. அவ்வாண்டு ஜூனிற் குற்றப்பத்திரம் திருத்தப்பட்டது. விசாரித்த நீதிபதிகள் மூவருள் ஒரே பெண், தென்னாபிரிக்காவின் டேர்பனிற் தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்த நவநீதம்பிள்ளை. 1998 செப்டெம்பர் 2ஆம் நாள் வழங்கப்பட்ட தீர்ப்பு, வல்லுறவு இனப்படுகொலையின் கருவியாகவும் அமையலாம் என முதன்முதலாக ஏற்றது. தன் கையாற் தீண்டாதவனும், பதவியிலிருந்து அதற்கு ஊக்கமளித்தமைக்காகக் குற்றவாளியானான்.

இத்தீர்ப்பின் முக்கியத்துவம் சொல்லோடு தொடர்புடையது. 1949ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவாச் சாசனத்தின் 27ஆம் உறுப்புரை, பெண்களின் 'மானத்தின்' மீதான தாக்குதலாகவே வல்லுறவைக் கண்டது. டாக்காவின் பட்டமும் ஜெனீவாவின் சாசனமும் ஈண்டு ஒரே மொழியைப் பேசின. இழக்கப்பட்டது மானம் எனக் கொண்டால், அதனைப் பட்டத்தாலோ திருமணத்தாலோ ஈடுசெய்துவிடலாம் என்ற முடிவு இயல்பாகவே வரும். இழைக்கப்பட்டது வன்முறை எனக் கொண்டால், இழைத்தவனைத் தேடவேண்டிவரும். றுவாண்டா மன்று, வற்புறுத்தல் நிலவும் சூழலில் ஒருவருக்கு இழைக்கப்படும் பாலியல் தன்மையான உடலாக்கிரமிப்பு என வல்லுறவை வரையறுத்தது. முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான மன்றின் விதிகள், பாலியற் குற்றங்களிற் பாதிக்கப்பட்டவளின் சாட்சியத்துக்கு வேறு ஆதாரம் அவசியமில்லை என வகுத்தன. அம்மன்று 2001 பெப்ரவரியில் பொஸ்னியாவின் ஃபோச்சா நகரில் நிகழ்ந்தவற்றை விசாரித்து, பெண்களை அடிமைகளாக வைத்திருந்தமையை மானுடத்துக்கெதிரான குற்றமெனத் தண்டித்தது.

இவற்றைக் கொண்டு சர்வதேச மன்றுகள் யாவற்றையும் தீர்த்துவிடும் என மயங்குதல் தவறு. பேச முன்வந்த சிலரின் வழக்குகளே தீர்ப்பை எட்டின. படைத்தலைவரின் பொறுப்பை நிறுவுதல் எத்துணைக் கடினம் என்பதை, 2016இற் குற்றவாளியாகக் காணப்பட்ட கொங்கோவின் பெம்பா 2018இல் மேன்முறையீட்டில் விடுவிக்கப்பட்டமை காட்டும். பங்களாதேஷிலும் 2010இன் மன்று, நடைமுறைக் குறைபாடுகளுக்காகவும் மரண தண்டனைக்காகவும் மனித உரிமை அமைப்புகளின் கண்டனத்துக்கு உள்ளானது. எனினும் 2014 டிசெம்பரில் தீர்ப்பளிக்கப்பட்ட கைசர் என்பவரின் வழக்கில், போர்க் குழந்தையாகப் பிறந்த பெண் ஒருவர் சாட்சிக் கூண்டில் ஏறினார் என்பதும், வல்லுறவுக்கும் சேர்த்தே எதிரி குற்றவாளியாகக் காணப்பட்டார் என்பதும் சிறிய செய்திகளல்ல. 2015இல் வீராங்கனைகள் சிலரின் பெயர்கள் விடுதலைப் போராளிகளாக வர்த்தமானியில் வெளியிடப்பட்டு உதவித்தொகையும் வழங்கப்பட்டது. வறுமையில் வாடிய முதியவர்களுக்கு அது உதவியே. ஆயின் நாற்பத்து நான்கு ஆண்டுகளின் பின்னும் அரசு முதலில் நீட்டியது மற்றுமொரு பட்டத்தையே என்பதும் உண்மை.

ஆகவே நீலிமா இப்ராஹிமின் நூலை இரக்கத்துக்குரிய கதைகளின் தொகுப்பாக மட்டும் வாசித்தல் அதற்குச் செய்யும் அநீதியாகும். அதன் தலைப்பிலுள்ள மூன்று சொற்களில் விமரிசகர் பலரின் கவனத்தை ஈர்த்தது நடுவிலுள்ள பட்டமே. ஆனால் நூலின் உயிர் ஈற்றிலுள்ள வினையில் உள்ளது. பேசுகிறேன் என்பவளுக்கு, அவள் பெயரைக் காத்து, கூற்றைப் பதிந்து, குற்றஞ்சாட்டப்பட்டவனை அழைத்து விடை கேட்கும் மன்று ஒன்று வேண்டும். அத்தகைய மன்று அமையாத நாட்டில், அவளுக்குச் சூட்டப்படும் எப்பெயரும், எவ்வளவு உயர்ந்ததாயினும், ஓரெழுத்து மாறும் ஆபத்திலேயே இருக்கும்.