குரலுக்குப் பின்னால் நடக்கும் மேளம்: அகம் குழுவின் முதல் ஆல்பம்

ரெண்டு வாரமா ஒரே ஆல்பத்தைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். சுரண்டை பஸ்ஸில், வீட்டு மொட்டை மாடியில், சிற்றாற்றுக் கரையில் நடக்கும்போது. பெங்களூரைச் சேர்ந்த அகம் குழு 2012இல் வெளியிட்ட 'தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்'. வந்த புதிதில் தலையில் வைத்துக் கொண்டாடினேன். இப்போது குறை சொல்ல உட்கார்ந்திருக்கேன். காரணத்தை முதலிலேயே சொல்லிடறேன்.

என் அக்கா மகன் கல்லூரி முடித்துவிட்டு மூணு நண்பர்களோடு ஒரு மெட்டல் குழு நடத்துறான். டிரம்ஸ் அவன்தான். கையில் சேர்த்த காசையெல்லாம் போட்டு முதல் பதிவு செய்யப் போறாங்க. "அகம் மாதிரி பண்ணணும் மாமா" என்றான். "அகத்தோட முதல் ஆல்பம் மாதிரியா?" என்று கேட்டேன். "அதுல என்ன கொறச்சல்? நீங்க எதுக்கெடுத்தாலும் நொட்டை சொல்லுதீய" என்று போனை வைத்துவிட்டான். நியாயமான கோபம்தான். குறை இருக்குன்னு சொன்னவன் எது குறைன்னு எழுதிக் காட்டணும் இல்லையா? அதுக்குத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் ஒரு தெளிவு. அகம் தன்னை மெட்டல் குழு என்று சொல்லிக்கொள்வதில்லை. கர்நாடக ப்ரோக்ரெஸிவ் ராக் என்றுதான் அடையாளம். ஆனால் எடுத்துக்கொண்ட கருவி எல்லாம் ப்ரோக்ரெஸிவ் பவர் மெட்டலின் பட்டறையிலிருந்து வந்தது. கனத்த கிட்டார் வெட்டுகள், உச்சத்தில் பறக்கும் குரல், ஏழெட்டு நிமிஷம் ஓடும் பாட்டு, நடுவில் வேகம் மாறும் இடங்கள், கீபோர்டுக்கும் கிட்டாருக்கும் போட்டித் தனி. ட்ரீம் தியேட்டர் கேட்டு வளர்ந்த காது எதுவும் இதை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். அதனால் அந்த அளவுகோலால் அளப்பதில் தப்பில்லை.

2003இல் தொடங்கிய குழு. 2007இல் சன் டிவியின் 'ஊ லலல்லா' போட்டியில் ஜெயித்தார்கள், ஏ.ஆர். ரஹ்மான் நடுவராக இருந்த நிகழ்ச்சி. குரலும் வயலினும் ஹரிஷ் சிவராமகிருஷ்ணன். கீபோர்டு சுவாமி சீதாராமன், லீட் கிட்டார் பிரவீண் குமார், டிரம்ஸ் கணேஷ் ராம் நாகராஜன். பகலில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, ராத்திரியில் ஒத்திகை என்று வளர்ந்த குழு இது. தொடங்கினதுக்கும் முதல் ஆல்பத்துக்கும் நடுவில் ஒன்பது வருஷம். அந்தப் பொறுமைக்கு என் மரியாதை எப்பவும் உண்டு.

முதலில் நல்லதைச் சொல்லணும். 'தனஸ்ரீ தில்லானா' ஏன் கேட்ட மாத்திரத்தில் ஒட்டிக்கொள்கிறது? சுவாதித் திருநாள் (1813–1846) எழுதிய தில்லானா. ராஜாவின் ஆட்சி அந்தக் காலத்தில் செங்கோட்டை வரைக்கும் இருந்தது, எங்க ஊருக்கு எட்டிப்பிடிக்கும் தூரம். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் பாட்டு என்கிற உரிமையில் பேசறேன். தனஸ்ரீ ஏறுவரிசை ச க ம ப நி. சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், கைசிகி நிஷாதம். கிட்டார் கத்துக்கிற எந்தப் பையனும் முதல் மாசத்தில் விரல் பழகுகிற மைனர் பென்டடானிக் ஸ்கேல் அப்படியே இதுதான். இறங்கும்போதுதான் தைவதமும் ரிஷபமும் வந்து சேரும். ராக் கிட்டாரின் தாய்வீட்டுச் சுரங்களும் தில்லானாவின் சுரங்களும் ஒண்ணாயிருக்கும்போது ஒட்டாம என்ன செய்யும்? தேர்வு செய்தவருக்குக் காது இருக்கு.

'ஸ்வான்ஸ் ஆஃப் சரஸ்வதி' இன்னும் நுட்பம். தியாகராஜரின் 'பண்டுரீதி கோலு', ஹம்ஸநாதம். பேரில் அன்னம் வந்ததும் அந்த ஹம்ஸத்தால்தான். இன்று பாடுகிற வழக்கத்தில் ஹம்ஸநாதத்துக்குக் காந்தாரமும் இல்லை, தைவதமும் இல்லை. ச ரி ம ப நி, அதுவும் பிரதி மத்யமம். மெட்டலில் கிட்டார் அடிக்கிற பவர் கார்டு என்பது என்ன? ஆதார சுரமும் அதன் பஞ்சமமும் மட்டும். நடுவில் காந்தாரம் கிடையாது. சிரிப்பா அழுகையா, மேஜரா மைனரா என்று தீர்மானிக்கிற சுரம் அந்தக் காந்தாரம்தான். அதை வேண்டாம்னு ஒதுக்கின ராகமும், அதை வேண்டாம்னு ஒதுக்கின கார்டும் சந்திச்சா எப்படி இருக்கும்? பாட்டின் கனமான இடங்களில் கேட்டுப் பாருங்க. கிட்டார் ராகத்தை மீறவே இல்லை, முட்டுக் கொடுத்து நிற்குது. கர்நாடக இசைக்கு மேல் கிட்டாரைப் பூசுகிற 'ஃப்யூஷன்' வேலையில் இது அபூர்வம். பொதுவா நம்ம ஆட்கள் ராகத்துக்கு அடியில் மூணு சுர கார்டு போட்டு, இல்லாத காந்தாரத்தை உள்ளே தள்ளிக் குலைத்துவிடுவார்கள்.

சரி, அப்புறம் என்ன குறை?

எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு தவில்காரர் இருக்கார். கொடை சீசனில் ஆளைப் பிடிக்க முடியாது. ஓய்வாயிருந்த ஒரு சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் வைத்து ஹெட்போனை அவர் காதில் மாட்டி தில்லானாவைப் போட்டேன். கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கிட்டே முழுசும் கேட்டார். "எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்றேன். "பாடுறவரு பெரிய கெட்டிக்காரரு தம்பி. ஆனா அந்த டிரம்ஸ்காரரு அவருக்குப் பின்னாலயே நடந்து வாராரு. ஒரு தடவகூட முன்னால வந்து வழிமறிக்கல பாத்தியளா?"

ரெண்டு வாரமா நான் தேடிக்கிட்டிருந்த வாக்கியம் அது.

இந்த ஆல்பத்தில் எல்லாம் குரலுக்குப் பின்னால் நடக்குது. ஹரிஷின் குரலைக் குறை சொல்ல என்னால் முடியாது. பிருகா விழுகிற வேகம், மேல் ஷட்ஜத்தில் நின்று தாக்குப்பிடிக்கிற தெம்பு, எல்லாம் இருக்கு. ஒலிக்கலவையும் அவரைத்தான் வெளிச்சத்தில் நிறுத்துது. கிட்டார் ரெண்டு அடி பின்னால், டிரம்ஸ் நாலு அடி பின்னால். கச்சேரி மேடையின் ஏற்பாடு இது. நடுவில் பாடகர், ஓரத்தில் பக்கவாத்தியம். பக்கவாத்தியத்துக்குத் தனி வரும், அது முடிந்ததும் திரும்பவும் பாடகர். சபா இருக்கைகளை அப்படியே வைத்துக்கொண்டு வாத்தியத்தை மட்டும் மாற்றிவிட்டார்கள். மெட்டல் குழுவில் அப்படி இல்லை. அங்கே பாடகரும் ஒரு வாத்தியம். டபுள் பெடலில் ரெண்டு காலும் பதினாறாய் உருளும்போது பாடகர் அதோடு மல்லுக்கட்டி மேலே வரணும். அந்த மல்லுக்கட்டுதான் பவர். மல்லுக்கட்டே இல்லாமல் ஜெயிக்கிற குரலில் அழகு இருக்கும், ஆபத்து இருக்காது.

எதிர்த்திசையில் ஒரு உதாரணம் சொல்றேன். அமெரிக்காவில் நியூஜெர்சியைச் சேர்ந்த சிம்ஃபனி எக்ஸ், இந்த வகையின் தூண்களில் ஒண்ணு. 1994இல் வந்த அவர்கள் முதல் ஆல்பம் முதலில் ஜப்பானில்தான் வெளியானது. மைக்கேல் ரோமியோவின் கிட்டார் அப்பவே முழு வீச்சில் இருந்தது. பாட வந்த ராட் டைலரின் குரல் அந்தச் சுமையைத் தாங்கவில்லை, ஒலிப்பதிவும் சப்பை. அடுத்த வருஷமே ரஸ்ஸல் ஆலன் வந்தார், குழுவின் கதையே மாறியது. அங்கே வாத்தியம் முன்னே ஓடிப்போச்சு, குரல் பின்தங்கிச்சு. அகத்தில் நேர்தலைகீழ். இரண்டும் முதல் ஆல்பத்தின் நோய்தான். ஆனால் சிம்ஃபனி எக்ஸுக்கு வைத்தியம் சுலபம், ஆளை மாற்றினால் தீர்ந்தது. தன்னுடைய சிறந்த ஆளே காரணமாக இருக்கிற நோய்க்கு வைத்தியம் கஷ்டம்.

இரண்டாவது குறை, தாளம். ப்ரோக்ரெஸிவ் என்ற பேரைச் சுமக்கிற எந்தக் குழுவும் அஞ்சிலும் ஏழிலும் விளையாடித் தன்னை நிரூபிக்கும். ட்ரீம் தியேட்டர்காரர்கள் கணக்குப் போட்டு மெனக்கெட்டு எட்டுகிற இடம் அது. நம்ம ஊரில் கண்ட சாபும் மிஸ்ர சாபும் பஜனை மடத்துக் கிழவர் தொடையில் தட்டுகிற சமாச்சாரம். அப்படிச் சொத்து வைத்திருக்கிற குழு, தன் முதல் ஆல்பத்தின் ரெண்டு பெரிய சாஸ்திரிய உருப்படிகளையும் எதில் எடுத்திருக்குன்னு பாருங்க: தில்லானா ஆதி தாளம், பண்டுரீதியும் ஆதி தாளம். ராக் டிரம்ஸின் நாலுக்கு நாலில் எந்தச் சிரமமும் இல்லாமல் உட்கார்கிற தாளம். தாளத்தை உடைக்கிற இடங்கள் நடுநடுவே வராமல் இல்லை. ஆனால் அவை தனி முடியும்போது வருகிற தீர்மானம் மாதிரிதான், பாட்டின் எலும்பில் இல்லை. கடினமானதைத் தேர்ந்தெடுக்காததைக் குற்றம்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒன்பது வருஷம் காத்திருந்த ஒருத்தனிடம் கொஞ்சம் கூடுதலா எதிர்பார்க்கலாம் இல்லையா?

கிட்டார் தனிகளைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டாம். தனஸ்ரீ ஏறுவரிசையும் பென்டடானிக்கும் ஒண்ணு என்று மேலே பாராட்டினேனே, அதே வசதிதான் இங்கே கண்ணியாகுது. விரல் பழகின இடத்துக்கே ஓடும். ராகம் நழுவி ப்ளூஸ் வாடை அடிக்கிற சில நொடிகள் இருக்கு; கேட்கிறவர்களுக்குப் புரியும்.

'மல்ஹார் ஜாம்' பற்றி நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். அதே வருஷம் எம்டிவி கோக் ஸ்டுடியோவிலும் வந்து அவர்களைப் பரவலாகக் கொண்டுபோன பாட்டு. இனிமையானது, மறுக்கல. ஆனா மழை ராகத்தின் பேரை வைத்துவிட்டு இவ்வளவு அடக்கமாப் பெய்யலாமா? குற்றாலத்துக்காரனுக்குச் சாரலும் பிடிக்கும்தான். தலையில் விழுந்தா கழுத்து மடங்குகிற மெயினருவியும் வேணும்.

'போட் சாங்' மட்டும் விதிவிலக்கு. வஞ்சிப்பாட்டை ஒட்டி வருது. ஒருத்தர் எடுத்துக் கொடுக்க, துடுப்புப் போடுகிற நூறு பேர் திருப்பிச் சொல்கிற வடிவம். பவர் மெட்டலின் உயிரே அந்தக் கூட்டுக் கோரஸ்தான். ஜெர்மன்காரனும் ஃபின்லாந்துக்காரனும் அதுக்காகத்தான் உயிரை விடறான். இங்கே குரல் கூட்டத்தில் ஒண்ணாகுது, தாளம் முன்னால் வருது, துடுப்பு வேகத்தில் குழு முழுக்க ஒரே உடம்பா நகருது. ஊர்ப்பேரிலேயே கேரளத்தை வைத்திருக்கிற எனக்குப் பாசம் அதிகம் என்று நினைத்தாலும் பரவாயில்லை. ஆல்பத்தில் குழுவா ஒலிக்கிற பாட்டு இதுதான்.

அதுக்குக் காரணமும் இருக்கிறதா நினைக்கிறேன். வஞ்சிப்பாட்டு சபாவில் பிறக்கல, திறந்த வெளியில் பிறந்தது. மெட்டலுக்கு உண்மையான உறவுக்காரன் நம்மிடம் யார்? தம்பூராவும் மிருதங்கமும் இல்லை, நாகஸ்வரமும் தவிலும்தான். பலாமரத்தைக் குடைந்து, வலந்தலையில் கூடு மாட்டின விரலும் தொப்பியில் கழியுமா அடிக்கிற தவிலுக்கு மைக்கே வேண்டாம், ரெண்டு தெருவுக்குக் கேட்கும். சாமி புறப்பாட்டுக்குக் கம்பீரநாட்டையில் மல்லாரி வாசிப்பாங்களே, அதைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: வரிகள் கிடையாது, ஒரே வடிவத்தைக் காலம் மாற்றி மாற்றி ஏற்றுகிற வேலை. அதுக்கு மேல் ப்ரோக்ரெஸிவா என்ன வேணும்? எங்க பக்கத்துக் கொடையில் நையாண்டி மேளம் உச்சத்துக்குப் போகும்போது நெஞ்செலும்பு அதிருகிற அதிர்ச்சியை நல்ல மெட்டல் டிரம்ஸில் மட்டும்தான் திரும்பக் கேட்டிருக்கேன். அகத்தின் முதல் ஆல்பம் இந்தத் தெருப் பக்கம் எட்டியே பார்க்கல. 'அகம்' என்ற பேருக்கு அது பொருத்தம்தான். புறம் என்று ஒண்ணும் உண்டே!

பிரேசிலின் ஆங்க்ரா இதில் நல்ல பாடம். 1993இல் வந்த முதல் ஆல்பம் 'ஏஞ்சல்ஸ் க்ரை' பெரும்பாலும் ஐரோப்பிய பவர் மெட்டல். ஜெர்மனியில் போய்ப் பதிவு செய்தது. சொந்த மண்ணின் தாளம் ஒரு பாட்டின் தொடக்கத்தில் தலைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கும். மூணு வருஷம் கழித்து 'ஹோலி லேண்ட்' வந்தபோதுதான் பிரேசில் தாளம் பாட்டின் அஸ்திவாரத்துக்கே போனது. முதல் ஆல்பம் விருந்தாளியைத் திண்ணையில் உட்கார வைக்கும், அடுத்தது அடுப்படிக்குள் விடும். அகமும் 2017இல் 'எ ட்ரீம் டு ரிமெம்பர்' கொண்டுவந்தது. ஒலி பல மடங்கு பெருசாச்சு. ஆனால் பாடகரைச் சுற்றின அந்த இருக்கை அமைப்பு மாறினதாக எனக்குத் தோணல. அது தனிப் பதிவுக்கான விஷயம்.

இதையெல்லாம் எழுதி முடித்து, போடுவதற்கு முன் மருமகனுக்கு அனுப்பினேன். ஒரு நாள் பதிலே இல்லை. மறுநாள் ராத்திரி கூப்பிட்டான். பாராட்டும் இல்லை, சண்டையும் இல்லை. "அந்தத் தவிலு அண்ணாச்சி நம்பர் தருவீயளா மாமா?" என்று கேட்டான். கொடுத்தேன். மூணு பாட்டில் ஒண்ணைக் கண்ட சாபுக்கு மாத்திப் பார்க்கிறானாம். குரலைக் கடைசியில்தான் பதிவு செய்யப் போறாங்களாம், அதுவும் டிரம்ஸ் சத்தத்தைக் குறைக்காமல். பாடுகிற பையன் இப்பவே தொண்டை போயிரும்னு புலம்புறானாம்.